பேர் போட்ட ஏடுகள் – கம்பளை மலையில் ஒரு சிறிய அருங்காட்சியகம்

அருமை, காட்சி, அகம் எனப் பிரித்து 'அருங்காட்சியகம்' என்ற சொல்லுக்குப் பொருள் கூறுவது தமிழாசிரியர்களின் வழக்கம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகள் முன் நிற்கும்போதோ தஞ்சைக் கலைக்கூடத்தைச் சுற்றி வரும்போதோ இந்தப் பிரிப்பு முற்றிலும் பொருந்திவிடும். இலங்கையின் மலையகத்தில், கம்பளை நகரை அடுத்த பழைய பீகொக் தோட்டத்தில் அமைந்துள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்திலோ, அரிய பொருள் என்று சொல்லத்தக்கது எதுவும் நம் கண்ணில் படவில்லை. வேலைக் கருவிகள், அடுக்களைப் பாத்திரங்கள், பெண்கள் அணிந்த எளிய நகைகள், இசைக்கருவிகள், பழைய படங்கள், மங்கிய தாள்கள் ஆகியவையே அங்குள்ளன. இவற்றில் பல, சுற்றியுள்ள வீடுகளில் இன்றும் புழக்கத்தில் இருக்கக்கூடியவை. அப்படியிருக்க, இவற்றைத் தேடிச் சேர்த்து ஒரு கூரையின் கீழ் ஏன் வைக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு அங்கே கிடைத்த விடையை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007ஆம் ஆண்டில் இந்த அருங்காட்சியகத்தை நிறுவியது. இடத்தேர்வு பொருத்தமானது. 14ஆம் நூற்றாண்டில் சிங்கள மன்னர்களின் தலைநகராக விளங்கிய ஊர் கம்பளை. 1815இல் கண்டி அரசு ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அடுத்த பத்தாண்டில், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் ஆதரவோடு ஜார்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கு அருகிலுள்ள சிங்கபிட்டியவில் கோப்பித் தோட்டம் அமைத்தார். மலைநாட்டில் பெருந்தோட்டப் பயிர்ச்செய்கையின் தொடக்கம் அதுவே என்பர். அதற்கு வேண்டிய உழைப்பாளர்கள் தமிழகத்திலிருந்து வந்தார்கள். கதை எந்த மலையடிவாரத்தில் தொடங்கியதோ, அதே வட்டாரத்தில் அந்தக் கதையைச் சொல்லும் இடமும் அமைந்திருக்கிறது.

அருங்காட்சியகத்திற்கென்று தனிக் கட்டடம் எழுப்பவில்லை. தொழிலாளர் குடியிருந்த லயம் ஒன்றையே அதற்காக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் மலையகத் தமிழில் 'லயம்' ஆயிற்று. வரிசையாக, ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கும் அறைகளுள் ஒவ்வொன்றும் ஒரு 'காம்பரா'. பத்தடிக்குப் பன்னிரண்டு அடி என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. அந்த அளவுக்குள் சமையல், உறக்கம், பிள்ளைப்பேறு, நோய், சாவு அனைத்தும் நடந்தன. ஒரு காம்பராவின் நடுவில் நின்று இரு கைகளையும் விரித்துப் பார்ப்பவருக்கு, மற்றப் பொருள்களைக் காணும் முன்பே பாதி வரலாறு விளங்கிவிடும். இந்த அருங்காட்சியகத்தின் முதற் காட்சிப்பொருள் அதன் சுவர்களே எனலாம்.

லயத்தின் வரலாற்றை அறியக் கோப்பிக்கும் தேயிலைக்கும் உள்ள வேறுபாட்டை அறிதல் வேண்டும். கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களில் ஆள்கள் வந்தால் போதும். பறிப்பு முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். ஆகவே அக்காலத்துத் தொழிலாளருள் பெரும்பாலோர் ஆண்கள். 1869இல் கோப்பி இலைகளில் ஒரு பூஞ்சை நோய் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. இதற்குச் சற்று முன்னர், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி விட்டுச்சென்ற இடத்தைத் தேயிலை நிரப்பியது. தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். எனவே குடும்பமாக மலையிலேயே தங்கும் உழைப்பாளர்கள் தேவைப்பட்டனர். அதிலும் பெண்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். வந்துபோன மக்கள் வாழும் மக்களானது இந்தப் பயிர் மாற்றத்தால்தான். ஆனால் அவர்களை 'வந்து போகிறவர்கள்' என்றே கருதும் பார்வை மட்டும் மாறவில்லை. பிற்காலத்துத் துயரங்களின் வித்து அங்கேயே விழுந்துவிட்டது.

வந்த வழியும் எளிதன்று. இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து காட்டு வழியே நூறு மைலுக்கும் மேல் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் வீழ்ந்தவர்கள் ஏராளம். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. 2023ஆம் ஆண்டில், மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தார்கள். ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை நிகழ்ந்த அந்த நடை, நினைவைக் கால்களால் எழுதிய வரலாறு.

நம்மை அழைத்துச் சென்று காட்டிய முதியவர், நாம் தமிழகத்திலிருந்து வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் முதலில் கேட்டது, "ஐயாவுக்கு எந்தப் பக்கம் ஊர்?" என்பதுதான். திருச்சிப் பக்கம் என்றதும் முகம் மலர்ந்தார். "எங்க பாட்டன் தொறையூர்ப் பக்கம்னு அப்பா சொல்லுவாங்க. நான் பாத்ததில்லீங்க" என்றார். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி என்று எத்தனையோ வட்டாரங்களின் ஊர்ப்பெயர்கள் மலையகக் குடும்பங்களில் இவ்வாறு நாவிலிருந்து நாவுக்குக் கைமாறி வந்திருக்கின்றன. ஊர் அவர்களை மறந்து நூறாண்டு ஆகியிருக்கலாம். அவர்கள் ஊரின் பெயரை மறக்கவில்லை.

கருவிகளைக் காண்போம். கொழுந்துக் கூடையின் கயிறு தோளில் தொங்குவதில்லை, தலையில் மாட்டப்படுவது. ஆகவே பாரம் முழுவதும் கழுத்தில் இறங்கும். மழைக்கும் குளிருக்கும் தலையிலிருந்து முதுகு வரை போர்த்தியது கம்பளி. தேயிலைச் செடியின் கம்புகள் கிழித்துவிடாதிருக்க இடுப்பில் கட்டிய முரட்டுச் சாக்குத்துணி படங்கு. செடிகளின் தலைப்பரப்பு மேடு பள்ளமின்றி இருக்கிறதா என்று பார்க்கச் செடிமேல் கிடத்தும் கோல் மட்டக்குச்சி. செடியைக் கழித்துவிடும் வேலைக்குக் கவ்வாத்து என்று பெயர். அதற்குரிய கத்தி வளைந்த முனை கொண்டது. இந்தச் சொற்களைக் கூர்ந்து கேட்டால் ஒன்று புலப்படும். படை வீரர்களின் அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேடு', தோட்டத்தில் 'பெரட்டு' ஆயிற்று. விடியற்காலையில் தப்படித்து எழுப்பி, பெரட்டுக் களத்தில் நிறுத்தி, ஆளெண்ணி, மலைக்கு அனுப்புவார்கள். துரை, சின்னத்துரை, கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி என்று ஏணிப்படிபோல் இறங்கும் அதிகாரத்தின் கடைசிப் படியில் கூடை சுமந்த பெண் நின்றாள்.

ஆள் எண்ணும் அந்தப் பேரேட்டைத் தோட்டத்தில் 'செக்ரோல்' என்பர். ஒரு நாள் வேலை முடித்தவருக்கு அதில் 'பேர்' விழும். நிர்ணயித்த அளவு கொழுந்து எடுக்காதவருக்கோ நேரத்துக்கு வராதவருக்கோ 'அரைப் பேர்' போடுவார்கள். "இந்த மாதம் எத்தனை பேர்?" என்று கேட்டால், எத்தனை நாள் சம்பளம் என்று பொருள். இச்சொல்லாட்சியைச் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். 'கூலி' என்ற தமிழ்ச்சொல் உழைப்புக்குத் தரும் ஊதியத்தைக் குறிப்பது. அது உழைப்பவனையே குறிக்கும் பெயராகி உலகெங்கும் பரவியது. இலக்கண ஆசிரியர் இதை ஆகுபெயர் என்று வகைப்படுத்திவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விடலாம். தோட்டத்திலோ ஆகுபெயர் இரு முனையிலும் வேலை செய்தது. ஊதியத்தின் பெயர் மனிதனுக்கு ஆயிற்று. மனிதனின் பேர் ஊதியத்தின் அளவாயிற்று. பாதி வேலை செய்தவருக்குப் பாதிப் பேர்தான் மிஞ்சியது.

இந்த மக்களின் வாழ்வைத் தாள்கள் எவ்வாறு ஆண்டன என்பதற்கு மற்றொரு சான்று 'துண்டு'. தமிழகக் கிராமத்தில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தவன் கங்காணி. அந்த முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆள்களை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்துரை ஒரு சீட்டு எழுதித் தருவார். புதிய துரை அந்தத் தொகையைக் கட்டி ஆள்களை எடுத்துக்கொள்வார். அந்தச் சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். தமிழ்ச் சொல்லே ஆங்கில அரசின் ஆவணங்களிலும் ஏறிற்று. யாருடைய கடன் கைமாறியதோ அவருக்கு அந்தச் சீட்டைப் படிக்கத் தெரியாது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. கடன் அதன் பிறகும் வேறு வடிவங்களில் தொடர்ந்தது.

இவ்வாறு செக்ரோலிலும் துண்டிலும் கடன் கணக்கிலும் தலைமுறை தலைமுறையாகப் பேர் எழுதப்பட்ட மக்களிடம், 1948இல் விடுதலை பெற்ற இலங்கை ஒரு தாளைக் கேட்டது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அதற்குச் சான்றும் காட்ட வேண்டும். லயத்துக் காம்பராவில் மருத்துவச்சி கையில் விழுந்த பிள்ளைகளின் பாட்டன் பிறப்புக்கு எந்த ஏட்டில் சான்று இருக்கும்? தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். அவ்வாறு தமிழகக் கிராமத்துக்குப் போய்ப் பெற்றெடுத்து, கைக்குழந்தையோடு தோட்டம் திரும்பியிருந்தால், அந்தப் பிள்ளையின் பிறந்த நாடு இந்தியா ஆகிவிடும். அவன் மகன் தேயிலைத் தூரிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், பூட்டன் காலத்துச் சான்றைத் தேடிப் போக வேண்டும்.

ஏறத்தாழ 7 இலட்சம் பேர் இச்சட்டத்தால் குடியுரிமையற்றவர்கள் ஆயினர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் எழுவர் நாடாளுமன்றம் சென்றிருந்தனர். 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. அதே ஆண்டில், இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் தொடர்ந்து வசித்ததற்குச் சான்று காட்டிக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று மற்றொரு சட்டம் வந்தது. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே குடியுரிமை கிடைத்தது. நாள்தோறும் செக்ரோலில் பேர் விழுந்தவர்களுக்கு வாக்காளர் இடாப்பில் பேர் இல்லை. உழைப்பைக் கணக்கிடப் பயன்பட்ட ஏடு, உரிமையைக் கணக்கிட உதவவில்லை.

பிறகு வந்தது 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் இரு அரசுகளுக்கிடையே கணக்கிடப்பட்டனர். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும். 3 இலட்சம் பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று முடிவாயிற்று. 1974இல் அந்த எஞ்சியோரும் பாதிப்பாதியாக, 75 ஆயிரம் வீதம், பிரிக்கப்பட்டனர். கூட்டல் கழித்தல் சரியாகவே இருந்தது. ஆனால் ஒரே காம்பராவில் அண்ணன் இந்தியனாகவும் தம்பி இலங்கையனாகவும் ஆன குடும்பங்களில் அந்தக் கணக்கு எப்படி இறங்கியது என்பதை ஒப்பந்தத் தாள் சொல்லாது. இலங்கையில் எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலைக்குத் தீர்வு காணும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. 1948 தொடங்கி எண்ணினால் 55 ஆண்டுகள்.

இந்தப் பின்னணியில்தான் அருங்காட்சியகத்தின் மங்கிய தாள்களை நோக்க வேண்டும். "உன் பாட்டன் இங்கே வாழ்ந்ததற்கு என்ன சான்று?" என்று கேட்கப்பட்ட சமூகம், தன் கூடையையும் கத்தியையும் குடத்தையும் காதோலையையும் தாளையும் ஒரு லயத்தில் கொண்டுவந்து வைத்து, "இதோ" என்கிறது. நீதிமன்றத்துக்கு இந்தச் சான்று இப்போது தேவைப்படாது. பேரப்பிள்ளைகளுக்குத் தேவைப்படும். பழம்பொருள் மீதான ஆர்வத்தால் அமைந்த சேகரிப்புகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அங்கே பொருளின் அழகு முன்னிற்கும். இங்கே பொருள் சாட்சி சொல்ல நிற்கிறது.

தாளில் ஏறாத சான்றுகளும் உண்டு. ஆபிரகாம் ஜோசப் என்னும் தோட்ட அலுவலர் 1869இல் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' பாடினார். அது தோட்டத்தை மேலிருந்து நோக்கிய நூல். கீழிருந்து எழுந்த குரல், பெயர் தெரியாத பெண்களின் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கொழுந்துப் பாட்டிலும் இருந்தது. மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் நாடாளுமன்ற உறுப்பினராகி, வாக்குரிமை பறிபோனதைக் கண்ணெதிரே கண்ட கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை, அப்பாடல்களைத் தேடித் தொகுத்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற அத்தொகுப்பும் ஓர் அருங்காட்சியகமே. தஞ்சையிலிருந்து சென்ற கோ. நடேசய்யர், அந்நியர் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரிபோல் சென்று நிலைமையை அறிந்தார் என்பர். அவர் தொழிற்சங்கம் கட்டினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை கூட்டங்களில் பாடிப் பேசினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுப் போராடியபோது கோவிந்தன் என்ற தொழிலாளி காவலர் துப்பாக்கிக்குப் பலியானார். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யைப் பாடம் நடத்தும்போது, நெல்லைச் சீமையின் வறுமையையே நாம் விரிவாக விளக்குவது வழக்கம். அக்கதையின் இலங்கைத் தோட்டப் பகுதியை, ஒரு காம்பராவின் நடுவில் நின்று பார்த்த பிறகு படிப்பது வேறு அனுபவம்.

பொருள்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடல் கடந்தபோது சாதியும் தோணியில் ஏறியது. கங்காணிகள் பெரும்பாலும் நிலமுடைய சாதிகளைச் சேர்ந்தவர்கள். உழைக்கச் சென்றவர்களுள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கூடையிலும் கத்தியிலும் இந்த வேறுபாடு தெரியாது. தப்பு மட்டும் அதைச் சொல்லும். பெரட்டுக்கு எழுப்பியதும், காமன் கூத்தில் இரவெல்லாம் முழங்கியதும், சாவுக்கு அடித்ததும் அதே தப்புத்தான். அதை அடித்தவர் யார், ஏன் அவரே அடித்தார் என்னும் கேள்விகளை எழுப்பாமல் அந்தத் தோற்கருவியைக் கடந்துபோனால் பார்வை குறைவுபடும்.

ஒப்பந்தத்தின் மறுபாதி நம் நாட்டில் இருக்கிறது. கப்பலேறித் தாயகம் திரும்பியோர் என்று அரசு ஏடுகள் சொன்ன அந்த மக்கள், இந்தியாவை முன்பு கண்டிராதவர்கள். இலங்கை அரசு ஒரு காலத்தில் தோட்டத்துக்கு ஆள் அனுப்பும் முன் தங்கவைத்துச் சோதித்த மண்டபம் முகாம் வழியாகவே, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தனர். 1983க்குப் பின் போருக்குத் தப்பி வந்த ஏதிலியரும் அதே முகாமில் தங்கினர். ஒரு வளாகத்தில் இத்தனை வரலாறு அடங்கியிருக்கிறது. நீலகிரியில் இவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. அது பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்கள் மறுபடியும் கூடை சுமந்தனர். இலங்கையில் 'இந்தியத் தமிழர்' எனப்பட்டவர்கள் இங்கே 'சிலோன்காரர்' எனப்பட்டனர்.

அந்தக் குடும்பங்களின் தகரப் பெட்டிகளில், தாயகம் திரும்பியபோது தரப்பட்ட குடும்ப அட்டையும் பழைய கடவுச்சீட்டும் தோட்டத்துச் சீட்டுகளும் இன்னும் இருக்கக்கூடும். கணினியில் புதிய அட்டைகள் வந்துவிட்ட பிறகு, பழையவை எதற்கு என்று பிள்ளைகள் எண்ணக்கூடும். நம் ஊர்களிலோ ஆண்டுக்கொருமுறை போகி வருகிறது. பழைய தாள் என்றால் நெருப்பில் இடுவது நமக்குக் கைவந்த வழக்கம். நம் மாணவர்களுள் நீலகிரியிலிருந்தும் பிற குடியேற்றங்களிலிருந்தும் வருவோர் உண்டு. பாட்டியின் பெட்டியிலுள்ள ஒரு தாளை எடுத்து, அதில் எழுதியுள்ள ஊர், தோட்டம், நாள், பேர் ஆகியவற்றைப் படியெடுத்து வருமாறு அவர்களிடம் சொல்வது தமிழாசிரியர் ஒவ்வொருவராலும் இயலும். ஓலைச்சுவடிகளை ஆற்றுக்கும் நெருப்புக்கும் தப்பவைத்த பெரியோரைப் போற்றும் துறை நம்முடையது. மூதாதையின் பேர் எழுதிய ஒரு தாளும் சுவடிதான் என்பதைக் கம்பளை மலையின் அந்த லயம் நமக்குக் கற்பிக்கிறது.

கண்டிக்குச் செல்லும் அன்பர்கள் தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் கண்டு திரும்புவது இயல்பு. இன்னும் அரைநாள் ஒதுக்கிக் கம்பளைக்கும் சென்று வாருங்கள். அங்கே உங்கள் ஊர்ப்பெயரைச் சொல்லிப் பாருங்கள். அதைக் கேட்டறிந்த ஒருவர் அந்த மலையில் இருப்பார்.